வளையல் ஊக்கு

எங்கள் பழைய டிராக்டரின் கியர்பாக்ஸ் ஒழுகியது. மெக்கானிக் ஞானசிகாமணி எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் சீலை மூன்று முறை புதிதாகப் போட்டார். மூன்று முறையும் எண்ணெய் தரையில்தான். வெள்ளிக்கிழமை வாய்க்கால் தண்ணீர் அடுத்த ஊருக்குப் போய்விடும். அதற்குள் உழாவிட்டால் எங்களுக்கும், எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் செங்கமலத்தின் அரை ஏக்கருக்கும் நடவு கிடையாது.

"இனி வண்டியைப் பழைய இரும்புக்கு உடைக்கத்தான் போடணும் மேடம்" என்றார், பெரிய டாக்டர் கைவிரிக்கிற தோரணையில்.

செங்கமலம் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, குக்கர்ல ஆவி போற ஓட்டை அடைச்சா கேஸ்கட் ஓரமா பொங்கும். இதுக்கு ஆவி எது வழியா போகும்?"

"பெரிய இன்ஜினியர். ஸ்பேனரைத் தொடாம ஒழுகலை நிறுத்து, கையைக் கட்டிக்கிட்டு உன் முன்னாடி நிக்கிறேன்."

அவள் தொடவில்லை. கியர்பாக்ஸ் மேலிருந்த மூச்சுத் துளையைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. வளையலில் தொங்கிய ஊக்கால் நோண்டி எடுத்தாள். அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். தரையில் ஒரு சொட்டு இல்லை.

ஞானசிகாமணி நிஜமாகவே கையைக் கட்டினார்.

"கட்டாதீங்கண்ணே, கலப்பையை மாட்டணும்" என்றாள்.

தினமும் குக்கர் வைப்பவள் நான். எனக்குத் தோன்றியதா? அவளுக்குத் தோன்றியதே, அவள் நன்றாக இருக்கட்டும். முதல் உழவு அவள் வயலில்தான்.