அழுங்கும் நரியின் ஜவ்வு மிட்டாயும்

சீன தேசத்து மலைக்காடு ஒன்றில் மின் என்று ஓர் அழுங்கு இருந்தது. உடம்பெல்லாம் செதில். வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. எறும்பை நக்கியே காலம் தள்ளும் சாது. பயம் வந்தால் போதும், பந்து மாதிரி சுருண்டுகொள்ளும். இடி இடித்தாலும் சுருளும், அணில் தும்மினாலும் சுருளும்!

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. புத்தாண்டுக்கு முன்னால் ஒரு விலங்கு மலை உச்சிக்குப் போய், வருடம் முழுக்கக் காட்டில் நடந்த நல்லது கெட்டதைப் புலிராஜாவிடம் சொல்லவேண்டும். அந்த வருடம் முறை மின்னுக்கு வந்தது.

சேதி தெரிந்ததும் முயல் ஓடி வந்தது.

"மின் அக்கா! தாவ் நரி என் வளையைப் பிடுங்கிக்கொண்டது உனக்கே தெரியும். இப்போது பனி வேறு கொட்டுகிறது. குட்டிகளெல்லாம் மரத்து வேருக்குள் விறைத்துக் கிடக்கின்றன. இப்படியே போனால் ஒன்றுகூடப் பிழைக்காது அக்கா! ராஜாவிடம் சொல்வாயா?"

மின் போய்ப் பார்த்தது. கடைக்குட்டியின் காதைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருந்தது. 

"சொல்கிறேன். யார் குறுக்கே வந்தாலும் சொல்லாமல் திரும்ப மாட்டேன்!"

இது நரியின் காதுக்கும் போயிற்று. பேச்சில் அதை மடக்க அந்தக் காட்டில் ஆள் கிடையாது. கொக்கிடமே, "நீ கறுப்பு!" என்று சாதித்து நம்ப வைத்த பேர்வழி அது!

"அழுங்கு என்ன சொன்னாலும் நான் பேசிச் சமாளித்துவிடுவேன். ஆனால் அது வாயே திறக்காவிட்டால் இன்னும் வசதி!" என்று யோசித்தது நரி.

மலையடிவாரத்து ஊரில் கோழி திருடப் போன இடத்தில் நரி ஒன்றைப் பார்த்திருந்தது. அடுப்படிச் சாமி வருடக் கடைசியில் மேலுலகம் போய், வீட்டில் நடந்ததையெல்லாம் ஒப்பிப்பார் என்று அந்த ஊர்க்காரர்கள் நம்பினார்கள். அதனால் அவரை வழியனுப்பும் நாளில், படத்திலிருக்கும் அவர் வாயில் ஜவ்வு மிட்டாயைத் தடவுவார்கள். கேட்டால், "சாமி இனிப்பாகப் பேசட்டும்" என்பார்கள் சிலர். "வாய் ஒட்டிக்கொண்டால் வம்பே இல்லை!" என்று சிரிப்பார்கள் சிலர்.

"சாமிக்கே வாய்ப்பூட்டு என்றால் இந்த அழுங்கு எம்மாத்திரம்!" என்று நரி ஒரு பெரிய மிட்டாய்க் கட்டியை இலையோடு இழுத்துக்கொண்டு வந்தது. மலைப்பாதையில் மின்னை வழிமறித்தது.

"தங்கச்சி! பண்டிகை மிட்டாய்! ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ!"

"வேண்டாம் அண்ணா. வந்த வேலையை முடித்துவிட்டுச் சாப்பிடுகிறேன்."

"அண்ணன் ஆசையாகக் கொடுத்தால் வேண்டாம் என்பாயா?"

"வழியை விடு!"

நரிக்குப் பொறுமை போய்விட்டது. கட்டியைப் பல்லால் கவ்விக்கொண்டு, மின்னின் வாயில் திணிக்கப் பாய்ந்தது. மின் சட்டென்று சுருண்டது. பந்தில் வாயை எங்கே தேடுவது? நரி உருட்டிப் பார்த்தது, முட்டிப் பார்த்தது. அதற்குள் நரி வாயின் சூட்டில் மிட்டாய் இளகி, பல்லெல்லாம் அப்பிக்கொண்டது. மலைக்காற்று பட்டதும் இறுகியும்விட்டது!

சுருண்டிருந்த மின்னுக்கு உள்ளே கதகதப்பாக இருந்தது. இப்படியே கிடந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கடைக்குட்டியின் காது ஞாபகம் வந்தது. "எழுந்திரு, நட!" என்று தன்னையே அதட்டிக்கொண்டு எழுந்து நடந்தது. உச்சிக்குப் போவதற்குள் மிட்டாய் கரைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு, நரியும் பின்னாலேயே ஓடியது.

"என்ன சேதி? சொல்!" என்று உச்சியில் காத்திருந்த புலி உறுமியது.

மின்னின் முதுகு தானாகவே வளைந்தது. "மாட்டேன், சுருள மாட்டேன்!" என்று பனியில் நகத்தை ஊன்றிக்கொண்டு நின்றது.  ஒரு வார்த்தை விடாமல் சொன்னது.

"ராஜா! தாவ் நரி முயலின் வளையைப் பிடுங்கிக்கொண்டது. அதன் குட்டிகள் பனியில் சாகக் கிடக்கின்றன!"

புலி நரியைப் பார்த்தது. "இது பொய்யா? பொய் என்றால் இப்போதே சொல்!"

"ம்ம்ம்!"

"உன் வளைதான் என்றால் அதையாவது சொல்லேன்!"

"ம்ம்... ம்ம்ம்!"

நரி காலால் வாயைப் பிறாண்டியது. காலும் ஒட்டிக்கொண்டது! வழியெல்லாம் ஜோடித்து வைத்திருந்த பொய்களில் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

"நாளெல்லாம் வாயடிக்கிறவனுக்கு இன்று சொல்ல ஒன்றுமில்லையா? அப்படியானால் அழுங்கு சொன்னதுதான் உண்மை. வளையை இன்றே காலி செய்! மறுபடி அந்தப் பக்கம் உன் வால் தெரிந்தால் தொலைத்துவிடுவேன்!"

பொழுது சாய்வதற்குள் முயலும் குட்டிகளும் வளைக்குள் போய்ச் சேர்ந்தன. கடைக்குட்டி அம்மாவின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, காது சூடேறித் தூங்கிப்போனது.

உண்மையைச் சொல்லத் துணிந்தவர் வாயை அடைக்கப் பார்க்கிறவன், கடைசியில் தன் வாயைத்தான் அடைத்துக்கொள்கிறான்.