ஓடிக்கொண்டிருந்த கடிகாரம்

ஜமீன்தார் தம்முடைய பழைய பாக்கெட் கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டுக் குற்றாலம் போனார். ஒரு வாரம் கழித்துத் திரும்பினால் கடிகாரத்தைக் காணவில்லை. காரியஸ்தர் வையாபுரி நேராகப் போய், விசிறி இழுக்கும் இருளப்பனின் துணிமூட்டையைப் பிரித்து அதை எடுத்துக் காட்டினார்.

"திருட்டுப் பயலை மரத்திலே கட்டுங்க" என்றார். ஜமீன்தார் சவுக்கைக் கையில் எடுத்துவிட்டார்.

"அவன் சொல்றதையும் கேட்டுட்டு அடிங்க" என்றார் ஜமீன்தாரின் மனைவி வேலு நாச்சியார்.

இருளப்பன் கும்பிட்டான். "காரியஸ்தர் ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும். ஒரு வாரமா என் மூட்டையிலே கிடந்துச்சாக்கும். அம்மா அதைக் கொஞ்சம் காதிலே வச்சுப் பார்க்கணும்."

நாச்சியார் வைத்துப் பார்த்தார். "ஓடுதே" என்றார்.

"தினம் சாவி கொடுக்காட்டி நின்னுபோற கடிகாரம், அம்மா. ஒரு சாவி சாமியோட அரைஞாண்லே குற்றாலத்துக்குக் குளிக்கப் போயிருந்துச்சு. இன்னொரு சாவி எங்கே இருக்குன்னு இந்தத் திருடனுக்குத் தெரியலே. காரியஸ்தர் ஐயாதான் சொல்லணும்."

வையாபுரியின் கை தன்னையறியாமல் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை மூடியது. அந்தக் கையை எல்லாரும் பார்த்தார்கள்.

அன்றைக்கே அவர் வேலை போயிற்று.

"உனக்கு என்ன வேணும், கேளு" என்றார் ஜமீன்தார்.

"ஒண்ணும் வேண்டாம் சாமி. அந்தக் காரியஸ்தரை நான் சாகிறவரைக்கும் மன்னிக்க மாட்டேன். ஆனா அடி விழறதுக்கு முன்னாலே என்னைப் பேச விட்டாங்களே, அதுக்குக் கும்பிட்டுக்கிறேன்" என்று சொல்லி, நாச்சியார் நின்ற பக்கமாக விழுந்து வணங்கினான்.