கிண்டி யார் கையில்?

ஏரிப்பட்டினத்தை மருதவர்மன் ஆண்டபோது, மழை வந்தால் அரண்மனை நனையும். சலவைத் தெரு மூழ்கும். மூன்று வருடம் மூழ்கியவர்கள் நான்காம் வருடம் அரண்மனை வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அதன் பிறகுதான் அரசருக்குக் கவலை வந்தது. வாசலில் ஆள் உட்காராமல் எந்த அரசருக்கும் கவலை வந்ததில்லை.

அமைச்சர் அச்சுதராயர் இரண்டு தச்சர்களை வரவழைத்தார். ஒருவர் மரத்தில், மற்றவர் மண்ணில், கட்டில் அகலத்துக்கு ஊரையே மாதிரியாகச் செய்து சபையில் வைத்தார்கள். இருவரும் மூக்குவைத்த செம்பான கிண்டியால் சலவைத் தெருவின் மேல் நீர் ஊற்றினார்கள். மர ஊரில் வெள்ளம் கிழக்கே பரவியது. மண் ஊரில் மேற்கே பரவியது.

"என் ஊர்தான் சரி!"

"உன் ஊரா? அது வெறும் மரப்பலகை!"

அச்சுதராயர் கையை உயர்த்தினார். "எது சரியானாலும் தேங்குவது சலவைத் தெருவில்தான். அந்தக் குடிசைகள்தான் நீரை மறிக்கின்றன. மாதிரியில் நீரை மறிப்பது எதுவோ, அதை இடிக்கும்படி ஆணையிடுங்கள், அரசே."

ஆணை எழுதப்பட்டது. அரசர் தம் விகடகவி காத்தானைப் பார்த்தார். அவன் பிறந்தது சலவைத் தெருவில்.

"இந்த இரண்டு மாதிரிகளில் எது சரி, காத்தான்? உச்சிவேளைக்குள் சொல். இல்லாவிட்டால் மாலையில் உன் தெரு காலி."

"துணி வெளுப்பவன் மகனுக்கு என்ன தெரியும், அரசே? நீரோடு பழகியவர்களைக் கேட்போம்."

வாசலில் உட்கார்ந்திருந்த சலவைத் தெருப் பெண் பொம்மியைக் கூப்பிட்டுக் கிண்டியைக் கொடுத்தான்.

"எங்க ஊத்தணும், அண்ணே?"

"மழை எங்கே பெய்யுது?"

"எல்லா இடத்துலயும்தான்."

"அப்போ எல்லா இடத்துலயும் ஊத்து, தாயி. இவங்க நம்ம தெரு மேல மட்டும்தான் ஊத்துனாங்க."

பொம்மி மர ஊரின் ஏரிக்கரையில் தொடங்கி எங்கும் ஊற்றினாள். நீர் ஓடை வழியே ஓடிவந்தது. ஓர் ஏழுமாடி மாளிகையின் மதிலில் முட்டித் திரும்பியது. நேராகச் சலவைத் தெருவுக்குள் புகுந்தது. மண் ஊரிலும் அதே கதை. அமைச்சரைக் குளிர்விக்க, அவர் மாளிகையைச் சாளரம் தவறாமல், மதில் தவறாமல், அது நிற்கும் ஓடையின் மேலேயே செய்து வைத்திருந்தார்கள் இரண்டு தச்சர்களும்.

காத்தான் இரண்டு ஊர்களிலிருந்தும் மாளிகையை விரலால் தூக்கினான். நீர் கலகலவென்று ஆற்றுக்குப் போனது.

"ஐயோ, அரசே! இது வெறும் பொம்மை!" என்று அலறினார் அச்சுதராயர். "பொம்மையை நம்பி வீட்டை இடிப்பதா?"

"எங்கள் தெருவை இடிக்கும்வரை இது ஊராக இருந்ததே, ஐயா. உங்கள் வீட்டைத் தொட்டதும் பொம்மையாகிவிட்டதா?"

சபை அதிரச் சிரித்தார் அரசர். ஆணைதான் ஏற்கெனவே எழுதியிருந்ததே. கடப்பாரைகள் மாளிகைப் பக்கம் கிளம்பின.

"அதிருக்கட்டும். இரண்டில் எது சரி?"

"இரண்டும் பாதிப் பொய், அரசே. ஆனால் ஒன்றுக்கொன்று சண்டை போடும் இரண்டு பொய்களும் ஒரே வீட்டைக் காட்டினால், அந்த இடத்தில் உண்மை இருக்கிறது."

"பொற்கிழி தரட்டுமா?"

"வேண்டாம். கிண்டியைக் கொடுங்கள். அடுத்த மாதிரி வரும்போது ஊற்றுவது நாங்களாக இருக்கட்டும்."