சாட்சிக்கு வந்த கரை

முன்னொரு காலத்தில், ஒரு நாட்டில், ஒரு மனிதனின் கழுத்துக்கு இருபத்தாறு நாழிகை மீதம் இருந்தது.

அவன் பெயர் பொம்மையன். ஏரிக்கரை போடும் மண்வேலைக்காரன். அவன் போட்ட புதுக்கரை முதல் மழையிலேயே உடைந்தது. வெள்ளம் ஏழு பேரைக் கொண்டுபோயிற்று. அன்று சூரியன் மறையும்போது அவன் தலையை எடுக்கும்படி மன்னர் ஆணையிட்டார்.

"மண்ணைத் திமிசுக்கட்டை போட்டு இறுக இடிக்கவில்லை, பிரபு. சோம்பல்தான் காரணம்" என்றார் பிரதானி.

அரசவை விகடன் பூவணன் எழுந்தான். "மன்னா, ஒரு சாட்சியையாவது விசாரியுங்கள்."

"எல்லாச் சாட்சியும் அவன் ஆட்கள்தான்" என்று சிரித்தார் பிரதானி. "வேண்டுமானால் கரையையே கூட்டி வாயேன்."

மன்னர் எங்கோ பார்த்தபடி சொன்னார்: "அப்படியே ஆகட்டும். கரை வந்து சாட்சி சொன்னால் அவன் பிழைப்பான். வராவிட்டால், பூவணா, நீயும் இந்த நாட்டில் இருக்க வேண்டாம்."

பூவணன் முதலில் சிறைக்குப் போனான்.

"நல்லாத்தான் இடிச்சோம் சாமி. யானை ஏறினாலும் தடம் விழாது" என்றான் பொம்மையன்.

"பிறகு ஏன் உடைந்தது? மண் எங்கே எடுத்தாய்?"

பொம்மையன் தரையைப் பார்த்தான். "அதை மட்டும் கேக்காதீங்க. சொன்னா நீங்க நம்பணும். நம்பினா உங்க தலையும் போயிடும்."

பூவணன் ஏரிக்குப் போனான். மிச்சமிருந்த கரையின் மேல்மண் ஓடு கட்டி, அப்பளம்போல் வெடித்திருந்தது. உள்ளே நண்டு வளை போலத் துளைகள். நீர் அரித்துக்கொண்டு போன வழிகள். மழை நின்று ஐந்து நாளாகியும் பள்ளத்துத் தண்ணீர் தெளியவில்லை, பால்போலக் கிடந்தது.

துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த செங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சாமி, எங்க உவர்மண்ணையா பாக்குறீங்க? இதைப் போட்டுத்தான் துணி வெளுக்கிறோம். காஞ்சா கல்லு. மழைத்தண்ணி பட்டா தானே கரைஞ்சு ஓடிடும். இதுல போய் யாராவது கரை போடுவாங்களா?"

"பொம்மையனுக்கு இது தெரியாதா?"

"அவரா? எங்க வீட்டுச் சுவரையே இந்த மண்ணுல வைக்க விடல. மேட்டுச் செங்களிதான் நிக்கும்னாரு."

பூவணன் உடைந்த கரையில் ஒரு கட்டியை வெட்டி எடுத்துக்கொண்டான். பிறகு மேட்டை நோக்கி நடந்தான்.

மாலையில் ஒரு பல்லக்கு சபைக்குள் வந்தது. திரையை விலக்கினால், உள்ளே இரண்டு மண்கட்டிகள். ஒன்று வெளிறியது, ஒன்று சிவந்தது. சபை கொல்லென்று சிரித்தது. மன்னரும் சிரித்துவிட்டார்.

"கரை வந்துவிட்டது, மன்னா. நடக்க முடியாதென்றது. பிரதானியாரே, வெள்ளைக்கட்டி உடைந்த கரையில் வெட்டியது. இடிக்காத மண்தானே, கையால் உடையுங்கள்."

பிரதானி அழுத்தினார். முறுக்கினார். தரையில் அடித்தார். கட்டி உடையவில்லை. சிவப்புக்கட்டியின் ஓரமோ விரல் பட்டதும் பொடிந்தது.

"இனி நம் வழக்கப்படி நடக்கட்டும்" என்றான் பூவணன். சாட்சி சொல்பவர் ஒரு நாழிகை தண்ணீரில் நின்ற பிறகே வாய் திறக்க வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். மழைநீர் நிறைந்த இரண்டு வெண்கலத் தட்டுகளில் கட்டிகளை இறக்கினான்.

வெள்ளைக்கட்டியைச் சுற்றி முதலில் ஒரு புகை எழுந்தது. பிறகு தட்டு முழுவதும் வெளுத்தது. நாழிகை முடியுமுன் கட்டி இல்லை. சிவப்புக்கட்டி தெளிந்த நீரில் அப்படியே இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை.

"சிவப்பு எங்கே எடுத்தது?" மன்னரின் குரல் தாழ்ந்திருந்தது.

"தங்கள் மான்கள் மேயும் மேட்டில். வெள்ளை, துறையோரத்து உவர்நிலத்து மண். அதில் சுவர்கூட வைக்காதே என்று ஊருக்குச் சொன்னவன் பொம்மையன். அங்கே மண் வெட்டும்படி அவனிடம் சொன்னது யார் என்று கரையைக் கேட்டேன், மன்னா. அதற்கு அவ்வளவு தைரியம் இல்லை."

வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. காவலர் பொம்மையனை அழைத்துவந்து நிறுத்தினார்கள். அவன் தலை நிமிரவில்லை.

மன்னர் அரியணையிலிருந்து இறங்கினார். கலங்கிய தட்டின் முன் நின்றார். அதில் அவர் முகம் தெரியவில்லை.

"இவன் கட்டுகளை அவிழுங்கள்" என்றார். பிறகு சபை முழுவதும் கேட்கும்படி சொன்னார்:

"மேட்டில் மான்கள் குட்டி போட்டிருந்தன. மண்வெட்டிச் சத்தம் அங்கே கேட்கக்கூடாது, உவர்நிலத்தில் வெட்டு என்று இவனிடம் சொன்னது நான்."