நமஸ்காரி யாரைக் கும்பிட்டது?

தொட்டாற்சிணுங்கிக்கு நமஸ்காரி என்றும் பெயர் உண்டு. அது வசப்பட்டவனுக்கு ஊரே வசப்படும் என்பார்கள். இதைக் கேள்விப்பட்ட பெருநிலக்காரர், மிட்டாதார் திருமேனி, ஊர்ப் பெரியவர்களோடு வெள்ளச்சியின் கத்தரித் தோட்டத்துக்கு வந்தார். அங்கே வேலியோரம் முழுக்க அந்தச் செடிதான். வெள்ளச்சிக்குச் சோறு போட்டது அந்தத் தோட்டம் ஒன்றுதான்.

மிட்டாதார் குனிந்து ஒரு கிளையைத் தொட்டார். இலைகள் கூம்பின.

“பாத்தீங்களா, என்னைக் கும்பிடுது! மூலிகை யாரைக் கும்பிடுதோ அவங்களுக்குத்தான் இந்த மண். என்ன சொல்றே, வெள்ளச்சி?”

“மூலிகை சொன்னா மறுபேச்சு உண்டா, சாமி? பெரியவங்க ஒத்துக்கிட்டாச் சரி.”

பெரியவர்கள் மிட்டாதாரின் முகத்தைப் பார்த்துவிட்டு வேகமாகத் தலையாட்டினார்கள்.

வெள்ளச்சி போய்ப் பஞ்சாரத்தைத் தூக்கினாள். உள்ளே அடைந்திருந்த கோழி குஞ்சுகளோடு ஓடிவந்து செடிகளுக்குள் புகுந்தது. வேலியோரம் முழுவதும் இலைகள் கூம்பிப் படுத்தன.

“உங்களை ஒரு கிளைதான் கும்பிட்டுச்சு, சாமி. இதை மொத்தமும் விழுந்து கும்பிடுது. தோட்டம் கோழிக்கு. கோழி எனக்கு.”

பெரியவர்களில் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மிட்டாதார் பல்லைக் கடித்தார். “அந்தக் கோழி என்ன விலை?”

“மன்னிக்கணும், சாமி. இப்ப அதுவும் ஒரு மிட்டாதாராச்சே, எப்படி விக்கிறது?”