இரண்டாவது படிக்கட்டு

செண்பகவல்லிக்கு அநியாயம் நடந்துவிட்டது. ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், கையில் இருந்ததையெல்லாம் போட்டு ஒரு பழைய மாடி வீட்டை வாங்கியிருந்தாள். கல்லூரிப் பெண்களுக்கு விடுதி நடத்துவதற்காக. பெயின்ட் அடித்து, கட்டில் போட்டு, எல்லாம் தயார். தீயணைப்பு அதிகாரி மட்டும் தடையில்லாச் சான்று தர மறுத்துவிட்டார். மாடியிலிருந்து இறங்க இன்னொரு படிக்கட்டு வேண்டுமாம். சான்று இல்லாவிட்டால் உரிமம் இல்லை. உரிமம் இல்லாவிட்டால் ஒரு பெண்ணைக்கூடச் சேர்க்க முடியாது. கல்லூரியோ திறக்கப்போகிறது.

அவள் ஜெசிந்தாவிடம் போனாள். ஜெசிந்தா வயதில் சின்னவள். ஆனால் மூன்று விடுதிகளை நடத்துகிறவள். இந்தத் தொழிலில் செண்பகவல்லிக்கு அவள்தான் குரு.

“குருவே, நீயே நியாயத்தைச் சொல்லு. எதிர்த்தாப்ல இருக்கிற ஹாஸ்டலுக்கும் ஒரே படிதான். அவனுக்கு மட்டும் எப்படிச் சான்று கொடுத்தாங்க?”

“அக்கா, அவன் சான்று வாங்கியிருக்கான்னு யார் சொன்னது?”

“சரி, வாங்காமலே நடத்துறான். ஒழுங்கா எழுதிக் கேட்ட நான்தான் முட்டாள்.”

“அந்த அதிகாரி காசு கேட்டாரா?”

“அதுகூட இல்லை. கேட்டிருந்தா நல்லாத் திட்டிட்டாவது வந்திருப்பேன். படி வச்சா ஒரு ரூம் போயிடும் சார், ஏன் இந்தப் பிடிவாதம்னு கேட்டேன். அதுக்கு அந்த மனுஷன் பேர் சொல்றார்.”

“என்ன பேர்?”

“கார்த்தியாயினி, ஷர்மிளா பானு, எஸ்தர், இன்னும் யார் யாரோ. முன்னாடி வேலை பார்த்த ஊர்ல ஒரு ஹாஸ்டல் எரிஞ்சுதாம். அதுல செத்துப்போன பிள்ளைங்களாம். பாவம்தான், இல்லைங்கல. அதுக்கு நான் என்ன செய்ய? என் வீடா எரிஞ்சுது?”

ஜெசிந்தா எழுந்தாள். “வாங்கக்கா, வீட்டைப் பார்ப்போம்” என்றாள்.

படிக்கட்டின் அடியில் புதிதாக ஓர் இரும்புக் கிரில் கதவு இருந்தது. பூட்டிலேயே சாவி தொங்கியது.

“இது எதுக்கு?”

“ராத்திரி பூட்டுறதுக்கு. பெத்தவங்க முதல்ல இதைத்தானே கேக்காங்க.”

“நல்ல பூட்டு. நீங்க மேல போய் ஜன்னலையெல்லாம் திறந்து வைங்க. வாறேன்.”

செண்பகவல்லி மேலே போனாள். கீழே பூட்டு விழும் சத்தம் கேட்டது. இறங்கி வந்து பார்த்தால் கிரில் பூட்டியிருக்கிறது. கைப்பை, போன் எல்லாம் அந்தப் பக்கம். ஜெசிந்தாவைக் காணோம்.

மாடி ஜன்னலுக்கு ஓடிக் கத்தினாள். கீழே, தள்ளுவண்டியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அண்ணாச்சி, என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டாங்க.”

“ஹாஸ்டல்னா பூட்டத்தானம்மா செய்வாங்க. வார்டன் வரட்டும்.”

“நான்தான் வார்டன்.”

“அப்போ சாவி உங்ககிட்டல்லா இருக்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார்.

மொட்டைமாடிக்குப் போனாள். இறங்க வழியில்லை. ஜன்னல் கம்பிகளை ஆட்டிப் பார்த்தாள். பக்கத்திலேயே நின்று, கெட்டியாக வைக்கச் சொல்லி அவளே வைத்த கம்பிகள். பிறகு ஒரு கட்டிலில் உட்கார்ந்தாள். இஸ்திரிப் பெட்டியின் கரிப்புகை ஜன்னல் வழியே லேசாக உள்ளே வந்தது. வெறும் கரிப்புகைதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் எழுந்துபோய்க் கிரிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஜெசிந்தா வந்து பூட்டைத் திறந்தாள். கையில் பார்சல் டீ.

“ஆறிப்போச்சுக்கா. கொஞ்சம் தூரமாப் போயிட்டேன்.”

ஏச்சு விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. செண்பகவல்லி ஆறிய டீயைக் குடித்து முடித்தாள்.

“கிழக்கு ரூமை எடுத்துட்டா, படி நேரா தெருவுக்கு இறங்கும், இல்ல?” என்றாள்.

படி வந்தது. கிரில் போனது. சான்று வந்தது, உரிமமும் வந்தது. பக்கெட்டும் பெட்டியுமாகப் பெண்கள் வந்து வீட்டை நிறைத்தார்கள்.

செண்பகவல்லி இனிப்புப் பெட்டியோடு ஜெசிந்தாவிடம் வந்தாள்.

“இது உனக்கு. அந்த அதிகாரிக்கும் ஒண்ணு கொண்டு போனேன். கையாலகூடத் தொடலை. நன்றி சார்னு சொன்னா, வேலையைத்தானே செஞ்சேன்னு அடுத்த ஆளைக் கூப்பிடுறார். அந்த மனுஷனுக்கு நான் எப்படித்தான் நன்றி சொல்ல?”

“இப்ப வீட்ல இருக்கிற பிள்ளைங்க பேரெல்லாம் உங்களுக்குத் தெரியுமாக்கா?”

“தெரியாம? எல்லாரு பேரும் தெரியும்.”

“அதுல ஒரு பேர்கூட அவர் சொன்ன அந்தப் பேர்களோட சேர வேண்டாம். பார்த்துக்கோங்க.”