மூன்று சகலைகளும் ஒரு குத்தகைக் காரும்

உடுமலைப்பேட்டை நாச்சிமுத்துவுக்கு நான்கு பெண்கள். மூன்று பேரைக் கட்டிக் கொடுத்தாயிற்று. வந்த மருமகன்கள் மூவரும் தனித்தனியாகப் பார்த்தால் சாதாரண ஆட்கள்தான். ஒன்றாக உட்கார்ந்து யோசிக்கும்போதுதான் ஆபத்து. மூத்தவர் வையாபுரி, தென்னந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுப்பவர். அடுத்தவர் துரைசாமி, நியாயம் பேசுபவர். வேறு தொழில் கிடையாது. இளையவர் குழந்தைவேலுக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பதால் யோசிக்கிற சிரமத்தை அவருக்கு யாரும் கொடுப்பதில்லை.

கடைசிப் பெண்ணின் கல்யாணத்துக்கு மாமனார் இவர்களிடம் ஒரே ஒரு வேலையை ஒப்படைத்தார். அதுவே அதிகம் என்று மாமியார் சொன்னார்.

"கரூர்ப் பக்கம் போய்ப் பையன் மோகனசுந்தரத்தைக் கூட்டிக்கிட்டு வரணும். நல்லா வேகமாப் போற வண்டியாப் பாருங்க. முகூர்த்தம் பத்தரைக்கு."

வேறு யாராக இருந்தாலும் வாடகைக் கார் ஒன்றைப் பேசியிருப்பார்கள். இவர்கள் கோயம்புத்தூர் போய், இருப்பதிலேயே வேகமான வண்டி எங்கே கிடைக்கும் என்று விசாரித்து, கண்ணாடி மாளிகை மாதிரி இருந்த ஒரு ஷோரூமுக்குள் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு நுழைந்தார்கள். அங்கே வேலை பார்த்த ரெஜினா என்ற பெண், வந்திருப்பவர்கள் யார் என்று தெரியாமல் புன்னகைத்தாள். துரதிர்ஷ்டம் அவளுடையது.

"ரெண்டு வழி இருக்கு சார். வாங்கிக்கலாம், இல்லைன்னா லீஸுக்கு எடுக்கலாம். வாங்கினா வண்டி உங்க சொந்தம். ஆனா ஷோரூம் வாசலைத் தாண்டின நிமிஷமே விலை இறங்க ஆரம்பிச்சிரும்."

மூவரும் ஒரு மூலைக்குப் போய் ஆலோசித்தார்கள். துரைசாமி திரும்பி வந்தார்.

"வாசலைத் தாண்டினாத்தானுங்களே விலை இறங்கும்? பின்பக்கச் சுவத்தை இடிச்சுக் கொண்டுபோனா?"

"அந்தப் பக்கம் பேங்க் இருக்குங்க சார்."

"அப்ப வாங்கறது தோதுப்படாது" என்றார் துரைசாமி. "லீஸுன்னா என்னங்க அம்மிணி?"

"மாசாமாசம் பணம் கட்டி வண்டியை வெச்சுக்கலாம். காலம் முடிஞ்சதும் திருப்பித் தந்துடணும்."

"குத்தகைன்னு சொல்லுங்க." வையாபுரியின் முகம் தெளிந்தது. "எத்தனை நாளைக்கு ஒரு வெட்டு?"

"என்ன வெட்டு சார்?"

"தோப்பைக் குத்தகைக்கு எடுத்தா வெட்டுக்கு வெட்டு தேங்காய் நமக்கு. இதுல நமக்கு என்ன கிடைக்கும்?"

ரெஜினா கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். "வேகம் சார். கிளம்பின மூணே செகண்டுல நூறைத் தொட்டுரும்."

மூவரும் விரல் விட்டுக் கணக்குப் போட்டார்கள். மோகனசுந்தரத்தின் ஊர், உடுமலையிலிருந்து சரியாக நூறு கிலோமீட்டர்.

ஒரு நாள் வேலைக்காக மூன்று வருஷக் குத்தகை கையெழுத்தாயிற்று. ஒப்பந்தத்தில் மூன்று பேரின் பெயரும் ஏறியது. கடைசியாக ரெஜினா இரண்டு விஷயம் சொன்னாள். குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் கூடுதலாகக் கட்ட வேண்டும். அப்புறம், "உங்க மூணு பேரைத் தவிர வேற யாரும் வண்டியில கை வைக்கக் கூடாது."

கிலோமீட்டரை மிச்சம் பிடிக்க வழி கண்டுபிடித்தவர் வையாபுரி. சக்கரம் உருண்டால்தானே கணக்கு? முகூர்த்தத்துக்கு முந்தின நாள், மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் போகக்கூடிய அந்தச் சிவப்புக் கார், தேங்காய் லாரியின் முதுகில் ஏறி முப்பது கிலோமீட்டர் வேகத்தில் மாப்பிள்ளை ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. வழியில் இரண்டு மாட்டு வண்டிகள் அதை முந்திக்கொண்டு போயின. காரையும் கூட வந்த மூவரையும் இறக்கிவிட்டு லாரி திரும்பிவிட்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மோகனசுந்தரம் குளித்து, பட்டு வேட்டி கட்டித் தயாராக நின்றான். சொந்தக்காரர்கள் எல்லாரும் முதல் நாளே போய்விட்டிருந்தார்கள். அவன் கார்க் கதவில் கை வைக்கப் போனான். துரைசாமி தடுத்தார்.

"மாப்பிள்ளை, கோவிச்சுக்காதீங்க. ஒப்பந்தத்துல உங்க பேரு இல்லை."

"அப்ப நான் எப்படிங்க வர்றது?"

"கை வெக்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. கையைக் கட்டிக்கிட்டு ஏறலாமே" என்றார் குழந்தைவேல்.

நல்ல யோசனைதான். ஆனால் கதவைத் திறந்த பிறகுதான் உள்ளே இரண்டே இருக்கைகள் இருப்பதை மூவரும் கவனித்தார்கள். குத்தகைதாரர்கள் மூன்று பேர். யாரை விட்டுவிட்டுப் போவது? விட்டுவிட்டுப் போனால் அவர் பங்குக் குத்தகை என்னாவது? யார் மடியில் யார் உட்கார்வது, மூத்தவர் மடியில் இளையவரா, எடையைப் பார்ப்பதா வயதைப் பார்ப்பதா என்று விவாதம் சூடு பிடித்தது.

"நேரமாகுதுங்களே" என்றான் மோகனசுந்தரம்.

"பத்து இருபத்தொன்பதுக்குக் கிளம்பினாப் போதும் மாப்பிள்ளை" என்றார் வையாபுரி. "அதுவே சீக்கிரம். மண்டபத்துல போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கணும்."

மோகனசுந்தரம் மூன்று முகங்களையும் ஒரு முறை பார்த்தான். பிறகு பையை எடுத்துக்கொண்டு ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க நடந்தான். பேச்சு மும்முரத்தில் யாரும் கவனிக்கவில்லை.

பத்து இருபத்தொன்பதுக்குக் குழந்தைவேல் வண்டியில் ஏறினார். பக்கத்தில் வையாபுரி, அவர் மடியில் துரைசாமி.

"பையனைக் காணமே" என்றார் குழந்தைவேல்.

"இடமில்லைன்னு சொன்னோமில்ல. சொன்னதைக் கேக்கற பையன்" என்றார் வையாபுரி. "நம்ம பொண்ணு குடுத்து வெச்சவ."

வண்டி உறுமியது. மூன்று பேரின் வயிறும் முதுகோடு ஒட்டிக்கொண்டது. துரைசாமி கண்ணை மூடிக்கொண்டு, "ஒண்ணு... ரெண்டு... மூணு" என்று எண்ணி முடித்ததும் குழந்தைவேல் பிரேக்கை மிதித்தார்.

"வந்தாச்சுங்களா?" என்றார் துரைசாமி, கண்ணைத் திறக்காமல்.

"மூணு ஆயிருச்சே. வராம எங்க போகும்?"

எதிரே நிஜமாகவே ஒரு மண்டபம் இருந்தது. வாழை மரம் கட்டியிருந்தார்கள், மேளம் கேட்டது. மூவரும் இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

"பொண்ணு வீட்டுக்காரங்க ஒருத்தரும் வரலை பாரு" என்றார் வையாபுரி வருத்தமாக. "மாமாவுக்கு எப்பவுமே நேரம் தெரியாது."

அங்கே நடந்துகொண்டிருந்தது ஒரு குழந்தைக்கு மொட்டை அடித்துக் காது குத்தும் விசேஷம். மேடையில் ஒரு பெரியவர், "தாய்மாமன் வந்து உட்காருங்க, நேரமாகுது" என்று மூன்றாம் முறையாகக் கூப்பிட்டார். வையாபுரி யோசித்துப் பார்த்தார். பல்லடத்தில் அவருக்கு ஒரு தங்கை. அவளுக்கு இரண்டு பிள்ளைகள். ஆக, அவர் தாய்மாமன்தான். போய் உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வைத்தார்கள். மாலையும் போட்டார்கள்.

அந்த நேரத்தில் மாமனாரின் போன் வந்தது. பஸ்ஸில் வந்து இறங்கிய மோகனசுந்தரம் தாலி கட்டி முடித்து, பந்தியும் தொடங்கியிருந்தது.

"மூணு பேரும் எங்கீங்க இருக்கறீங்க?"

"மண்டபத்துலதானுங்க மாமா. கரெக்டா பத்தரைக்கு வந்துட்டோம். உங்களைத்தான் காணோம்." வையாபுரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, குழந்தை முழிச்சுக்கும். அப்புறம் ஒரு சந்தேகமுங்க. மொட்டை எனக்கு முதல்ல அடிச்சாச்சு. இந்தக் குழந்தைக்கும் அடிக்கணுமான்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"